நட்சத்திரம் குத்தும் கை

மாண்பும் மரபும் மிளிர இம்மன்றத்தை வழிநடத்தும் தலைவர் அவர்களே! மைசூர் மண்டி மொஹல்லாவின் மளிகைக் கடைகளை மாலையிலேயே பூட்டிவிட்டு மாலையோடு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கொள்ளேகாலிலிருந்தும் ஹனூரிலிருந்தும் பஸ் மாறி பஸ் ஏறி வந்து, நாற்காலிகளை முதியவர்களுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கும் உழவர் பெருங்குடியினரே! என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்திருந்தும் இன்றைக்கு என்னை மேடையில் மாட்டிவிட்டுக் கீழே நிம்மதியாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசினாலும் பலமாகக் கை தட்டத் தெரிந்த இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் பாலாம்பாளின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். "தலைவர் அவர்களே" என்று நான் சொன்னதும் அந்தச் சிரிப்பு கிளம்பியதைக் கவனித்தேன். ஆம், தலைவர் என் கணவர்தான். வீட்டில் "ஏன்னா" என்று கூப்பிட்டே காலம் போயிற்று. பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்தப் பெயரைச் செயலாளர் சென்னிமலை அவர்கள் சற்று முன் ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டார்: ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, திரு. வைத்யநாதன் அவர்கள். அவர் தலைமையில் பேச வந்திருக்கிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், என் கை நடுங்குகிறது.

"பயப்படாம பேசுங்கம்மா, நாங்கெல்லாம் இருக்கறமில்லீங்க" என்கிறார் செயலாளர். நீங்கள் எல்லோரும் இருப்பதுதான் ஐயா எனக்குப் பயமே!

எனக்குத் தந்த தலைப்பு என்ன? "அஞ்சாத தாய்." ஏன் தந்தார்கள்? என் மகன் சாய்கிருஷ்ணா வருகிற சனிக்கிழமை சென்னையில், பரங்கிமலையில், பயிற்சி முடித்து ராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்கிறான். ஆகவே அவன் தாய் அஞ்சாதவள் என்று மன்றம் முடிவு செய்து, அச்சடித்து, தெருத் தெருவாக ஒட்டியும் விட்டது. நன்றி, நன்றி, கைதட்டல் போதும். அஞ்சாத தாயா நான்? தொலைபேசி அடித்தால் திடுக்கிடுகிறேன். அது அடிக்காவிட்டால் அதைவிடத் திடுக்கிடுகிறேன். வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். இப்படிப்பட்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு அஞ்சாமையைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்களே, அடுக்குமா?

அவன் எப்படி அதிகாரியானான் என்று கேட்பீர்கள். எனக்கே முழுதாகத் தெரியாது. கல்லூரியில் சேர்ந்தான், என்.சி.சி.யில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்லி என் உயிரை வாங்கி, பூட்ஸ் பளபளக்கக் கிளம்புவான். அணிவகுப்பு முடிந்ததும் மசால் தோசை வாங்கித் தருவார்களாம். தோசைக்காகத்தான் பிள்ளை போகிறான் என்று நான் நம்பினேன். நம் வீட்டுத் தோசை என்ன கெட்டுப்போயிற்று என்று கோபித்துக்கொண்டுகூட இருக்கிறேன்! தோசை தின்றபடியே மூன்று ஆண்டுகள் முகாமுக்குப் போய், துப்பாக்கி சுட்டு, "சி" சான்றிதழ் என்று ஒன்றை வாங்கிக்கொண்டான். அது இருந்தால் எழுத்துத் தேர்வு வேண்டாம். பட்டம் வாங்கியதும் நேரே ராணுவத் தேர்வுக்குழுவின் முன்னால் போய் நிற்கலாம். இது எனக்குத் தெரியுமா? தெரியாது. அவருக்குத் தெரியுமா? அவருக்கும் தெரியாது.

போன ஆண்டு ஒருநாள், "அம்மா, பெங்களூர்ல இன்டர்வியூ. அஞ்சு நாள் ஆகும்" என்றான். பெங்களூரில் இன்டர்வியூ என்றால் மைசூரில் எந்தத் தாய் என்ன நினைப்பாள்? கம்ப்யூட்டர்! தெருவில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அதற்குத்தானே ரயிலேறுகிறார்கள்? ஐந்து நாள் கேள்வி கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய கம்பெனி என்று நான் பூரித்தேன். அங்கே அவனுக்குப் பெயர் கிடையாது, நெஞ்சில் ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கினான், பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளம் தாண்டினான் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. திரும்பி வந்து, "செலக்ட் ஆயிட்டேம்மா" என்றான். அவ்வளவுதான்! அடுத்த கேள்வி கேட்கவில்லை நான். நெய்யைக் காய்ச்சினேன், மைசூர்பாகு கிளறினேன், தெரு முழுக்கக் கொடுத்தேன், "பையனுக்குக் கம்ப்யூட்டர்ல வேலை" என்று.

எதிர்வீட்டு மல்லம்மாதான் வாயில் போட்டுக்கொண்டே அவனைக் கேட்டாள், "யாவ கம்பெனி மகனே?" என்று. "இண்டியன் ஆர்மி, ஆண்ட்டி" என்றான். மல்லம்மா விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அன்று தலைவர் என்ன கேட்டார் தெரியுமா? சொல்லட்டுமா? தலையாட்டுகிறார், வேண்டாமாம். சொல்லத்தான் போகிறேன்! "பென்ஷன் உண்டாடா?" என்று கேட்டார். "இது குறுகிய காலப் பணிப்பா, பென்ஷன் கிடையாது" என்றான். "பென்ஷன் இல்லாத கவர்ன்மென்ட் உத்தியோகமா! இதென்னடா கூத்து?" என்று ஒரு வாரம் உறுமினார். பிறகு அவரே ரயிலடிக்கு வந்து, பெட்டியை மேலே ஏற்றி, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். அதுவரைக்கும் எங்கள் வீடு சிரித்த வீடு.

மே மாதம் வந்தது. வடக்கே பனிமலையில் போர் மூண்டது. அதுவரை கேட்டறியாத சிகரங்களின் பெயரெல்லாம் என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டன. செய்தித்தாளைத் திறந்தால் முகங்கள்! மீசை முளைத்தும் முளைக்காத முகங்கள். எல்லாம் இளம் அதிகாரிகள், எல்லாம் அவன் வயது. நான் பார்க்கக் கூடாது என்று அவர் பேப்பரை மடித்துப் பீரோவுக்குப் பின்னால் சொருகுவார். நான் அதற்கு முன்பே மல்லம்மா வீட்டில் பார்த்துவிட்டு வந்திருப்பேன். பார்த்ததை அவருக்குத் தெரியாமல் மறைப்பேன். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டு, ஒரே வீட்டில், அப்பளம் பொரித்து ஒரே தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

ஜூன் மாதம் அவர் பொறுக்கமாட்டாமல் பிள்ளையிடம் பேசினார். "வந்துடுடா சாய். டிரெய்னிங் முடியறதுக்குள்ள வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடலாமாம், நான் விசாரிச்சுட்டேன்." அவன் என்ன சொன்னான்? "என்கூட இருக்கறவா யாரும் போகலப்பா. நான் மட்டும் எப்படிப்பா வர்றது?" என்றான். ரிசீவரை வைத்தார். அதற்குப் பிறகு அவனோடு அவர் பேசவில்லை.

உங்களில் பலருக்கு இது தெரியாது. தலைவர் மகனை நினைத்துப் பெருமையில் பூரிக்கிறார் என்று மாலை வாங்கி வந்தீர்கள். ஞாயிறுதோறும் பிள்ளை டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவான். மணி அடித்ததும் இவர் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். போனதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டுமே! வாராவாரம் ஒரு பூசணிக்காயோடு வருவார். பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய் அல்வா. நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். அதனால்தான் இந்த மேடையை ஒப்புக்கொண்டேன். தலைவர் நன்றியுரை முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது, இது நம் மன்றத்தின் மரபு. உட்காருங்கள் தலைவர் அவர்களே! இன்றைக்கு நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

சனிக்கிழமை அங்கே என்ன நடக்கும்? அணிவகுப்பு முடியும். பெற்றோரை மைதானத்துக்குள் அழைப்பார்கள். பிள்ளையின் ஒரு தோளில் அம்மா ஒரு நட்சத்திரத்தைக் குத்த வேண்டும், இன்னொரு தோளில் அப்பா ஒரு நட்சத்திரத்தைக் குத்த வேண்டும். அப்போதுதான் அவன் அதிகாரி. "அப்பா வரலேன்னா?" என்று நான் கேட்டேன். "ஹோக்லி பிடும்மா, வராதவாளுக்கு யாராவது ஆபீசர் வந்து குத்துவார்" என்றான். விடும்மா என்று கன்னடத்தில் சொன்னானே தவிர, குரல் விடவில்லை. தோள் காலியாக இருக்காது, தாய்மார்களே. யாரோ ஒருவர் வருவார், குத்துவார், கை குலுக்குவார், போய்விடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்றுக் காலை காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன், "வரப்போறேளா, இல்லையா?" என்று. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்...

"ஜோராகி ஹேளி அம்மா!" என்று, உரக்கச் சொல்லச் சொல்கிறது பின்வரிசை. ஜோராகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை தம்பி. இருந்தாலும் சொல்கிறேன். "என் கையால குத்தமாட்டேன் பாலா. நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இந்தக் கைதானே அனுப்பித்துன்னு இருக்கும்" என்றார்.

நான் அதுவரை கோபம் என்று நினைத்திருந்தேன். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பூசணிக்காயை வெட்டும்போதெல்லாம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். கோபமே இல்லை அது! என்னிடம் இருக்கிற அதே பயம். காபி ஆறிப்போயிற்று. நேற்றுச் சொல்லாத பதிலைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தலைவர் அவர்களே! முப்பது வருஷம் கார்டாக இருந்தீர்கள். எத்தனை வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டியிருப்பீர்கள்? உங்கள் கொடியா அந்த வண்டியை ஓட்டியது? உங்கள் கையா அந்தச் சக்கரத்தைச் சுழற்றியது? பெட்டி பூட்டியாயிற்றா, கதவு சாத்தியாயிற்றா, பாதை சரியா என்று பார்த்துவிட்டு, பத்திரமாகப் போகட்டும் என்றுதானே காட்டினீர்கள்? அனுப்புவது வேறு, வழியனுப்புவது வேறு இல்லையா? அவன் போனது தோசை தின்ற அன்றே போனது! நம்மைக் கேட்டா போனான்? நம்மிடம் சொல்லியா போனான்? இது உங்கள் கொடிக்குக் காத்திருக்கிற வண்டி இல்லை. நீங்கள் காட்டினாலும் கிளம்பும், காட்டாவிட்டாலும் கிளம்பும். காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? பிளாட்பாரத்தில் அப்பா நிற்கிறாரா, அப்பா நிற்கிறாரா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போவான்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வண்டிகளிலெல்லாம் கொடி காட்டிவிட்டுக் கடைசிப் பெட்டியில் நீங்களும் ஏறிக்கொள்வீர்கள். இதில் நாம் ஏற முடியாது. அதற்குத்தான் உங்களுக்கு நடுக்கம், அதற்குத்தான் எனக்கும் நடுக்கம். நடுங்கட்டுமே! நடுங்காத கையால்தான் நட்சத்திரம் குத்த வேண்டும் என்று எந்த ராணுவமாவது சட்டம் போட்டிருக்கிறதா?

இன்னும் ஒன்று. இதைச் சொல்ல வேண்டாம் என்று அவன் சத்தியம் வாங்கினான். சத்தியத்தை இத்தனை பேர் முன்னால் உடைக்கிறேன். பாவம் வந்தால் என்னோடு போகட்டும். போன ஞாயிறு நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு உங்கள் பிள்ளை அழுதான். "எனக்கும் பயமா இருக்கும்மா. அப்பாகிட்ட சொல்லாதே, அதையே பிடிச்சுண்டு வந்துடுன்னுடுவார். நான் வரமாட்டேன். ஆனா அன்னிக்கு அப்பா வந்து பக்கத்துல நின்னா போறும்மா" என்றான்.

பெரியோர்களே, அஞ்சாத தாயைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். அப்படி ஒருத்தி இருந்தால் அவளை அடுத்த ஆண்டு அழையுங்கள். அஞ்சுகிற தாய், அஞ்சுகிற தகப்பன், அஞ்சுகிற பிள்ளை, இந்த மூன்று பேரைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பயந்துகொண்டே போகிறான். பயந்துகொண்டே மலையேறுவான், பயந்துகொண்டே தன்னை நம்பி வருகிற சிப்பாய்களுக்கு முன்னால் நடப்பான். அவன் அஞ்சி நின்றுவிடவில்லையே! பெற்ற நாம் நிற்கலாமா? அவன் தோள் அங்கே இருக்கும்போது நம் கை இங்கே மார்க்கெட்டில் பையைத் தூக்கிக்கொண்டிருக்கலாமா? நாளை வண்டியில் இரண்டு பேருக்கும் படுக்கை இருக்கிறது. நான் போகிறேன். ஒரு தோளுக்கு நான் இருக்கிறேன். இன்னொரு தோளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரு நிமிடம். தலைவர் ஏதோ கேட்கிறார். என்னன்னா? சத்தமா சொல்லுங்கோ, மைக்குல விழல்லை.

"எனக்கு எந்தத் தோள்?" என்று கேட்கிறார்.

கை தட்டாதீர்கள், தயவுசெய்து தட்டாதீர்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும். வலது தோள், ஏன்னா. வலது உங்களுக்கு.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. செயலாளர் மன்னிக்க வேண்டும், நன்றியுரை வரைக்கும் நான் இருக்க முடியாது. வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்கும் துணி எடுத்துவைக்க வேண்டும். உங்களை வணங்கி இறங்குகிறேன்.