கிழட்டுக் கிடா வெந்த விதம்

கிழட்டுக் கிடாக்கறி வேகவில்லை என்று இனி யாரும் கவலைப்பட வேண்டாம். கிலோவுக்கு அரை ஸ்பூன் ஆப்பச் சோடா தூவிப் பிசைந்து, அரை மணி நேரம் விட்டு, நன்றாக அலசி அடுப்பில் ஏற்றுங்கள். அலசாவிட்டால் சவுக்காரத்தைக் கடித்ததுபோல் இருக்கும். இன்ஸ்பெக்டர் அம்மா, இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்கும் உதவும்.

என் பெயர் சம்பூர்ணம், ஊர் கீழப்பழுவூர். அண்ணன் மாயவனுக்குச் சிறுவாச்சூர். அவர் மகள் தேவயானிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது, குலசாமிக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டார். இன்றைக்கு நாளைக்கு என்று எட்டு வருஷம் தள்ளிப்போட்டதில் கிடா தாத்தாவாகிவிட்டது. போன ஆடியில்தான் வெட்டினோம்.

அந்த நேரம் பார்த்து தேவயானிக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. நானோ அவளை என் மகன் தமிழழகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதில்மேல் பூனையாக இருந்த அண்ணன், கடைசியில் பாரத்தைச் சாமி தலையில் போட்டார்.

"இத்தன வருசம் தாமசம் பண்ணிட்டோம், சாமி கோவமா இருக்கும். கறி பூவா வெந்துச்சுன்னா மனசு குளுந்து கலியாணத்துக்கு உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம். வேகலன்னா புள்ள படிக்கட்டும்" என்றார்.

தேவயானி சிரித்தாள். "அத்த, இந்தக் கெடா நாள் முழுக்க எரிச்சாலும் வேகாது" என்று என் காதோடு சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள். அசட்டுப் பெண், கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா.

ஒன்றரை மணி நேரத்தில் கறி எலும்பை விட்டுக் கழன்றது. ஒரு துண்டை வாயில் போட்ட அண்ணன், கண்கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். பங்காளிகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தேவயானி மட்டும் இலையைத் தொடவில்லை. ஆவணியில் தாலி கட்டியாயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன்.

தமிழழகன் தங்கமான பிள்ளை. கோபம் வந்தால் கை நீட்டுவான், அவ்வளவுதான். அதற்குப் போய் முதல் மருமகள் நாலாம் மாதமே அரியலூர் பஸ் ஏறிப் புகார் கொடுத்து, விவாகரத்தும் வாங்கிவிட்டாள். அவளுக்குப் பல் இரண்டு போனது உண்மைதான். அண்ணனிடம், அவளுக்கு நம்ம வீடு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது தேவயானி வெளியே பெஞ்சில், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பாவம், வலிக்கும். வரும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஒங்க புள்ள அடிப்பான்னு தெரிஞ்சேவா அண்ணன் பொண்ண எடுத்தீங்க?" என்று கேட்கிறீர்கள்.

தெரியும் அம்மா. தெரிந்ததால்தான் இவ்வளவு பாடுபட்டேன். வெளியில் பெண் எடுத்தால் மறுபடியும் ஸ்டேஷன் படி ஏறுவாள்; சொந்த அத்தை வீடென்றால் அடியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக் கிடப்பாள் என்று நம்பினேன். இவளும் இப்படி நம்பிக்கைத் துரோகம் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.