கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

குற்றாலத்தில் வீடு கட்டுகிறவன் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டக் கூடாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் நேரமும் என் நேரமும் மிச்சமாகியிருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா.

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்தால், இந்த ஊரில் இரண்டு வகை ஜீவன்கள் வீட்டுக்குள் நுழையும். ஒன்று குரங்கு. மற்றது சொந்தக்காரர். குரங்குக்காக ஜன்னல்களில் கம்பி வலை அடித்துவிட்டேன். சகலைக்கு அடிக்கிற வலை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

என் சகலை செந்தில்வேலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். என் மனைவி மங்களேஸ்வரியின் தங்கை லோகநாயகியைக் கட்டியவர். வீரகேரளம்புதூரில் வீடு. உங்கள் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் வாய்த்தகராறு வந்ததில்லை. இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

அவரிடம் ஒரே ஒரு குறை. எதையும் கேட்டு எடுக்க மாட்டார். பணியில் இருந்த காலமெல்லாம் ஊரையே உட்கார வைத்துக் கேள்வி கேட்ட மனிதர், என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் துண்டு, என் செருப்பு, என் சாய்வு நாற்காலி, நான் பாதி படித்து வைத்த வாரப் பத்திரிகை, எதையும். சீசன் தொடங்கியதும் போன் செய்வார். "அண்ணாச்சி, அருவியில தண்ணி விழுதா?" என்பார். விழுகிறது என்றால் அன்றே வந்துவிடுவார். விழவில்லை என்றால், விழுகிறவரை இருந்து பார்க்க வருவார்.

அவர் தங்கும் இடம் அந்தக் கூடுதல் அறை. அங்கேதான் என் செடிகள் இருந்தன.

செடிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் எழுத்தர் கொட்டாவி விடுகிறார், பரவாயில்லை. என் மகள் யோகலட்சுமி கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படித்தாள். நம் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளை அங்கே படிக்கிறது. மற்ற அப்பாக்கள் போய் கட்டிடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் மலைக்குப் போனேன்.

அது ஒரு விசித்திரமான மலை. நம் மேற்கு மலை மாதிரி கண்ட இடத்தில் கண்டது முளைக்காது. நடக்க நடக்கப் புல்வெளி, காலுக்கடியில் மாசிபத்திரி மாதிரி கசப்பு வாசனை. அதற்கு மேலே காட்டு ஆப்பிள் மரங்கள். உலகத்து ஆப்பிளுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு என்றாள் மகள். நாம் ரசத்தில் போடுகிற பெருங்காயத்தின் சொந்தக்காரச் செடி ஒன்றையும் அங்கே பார்த்தேன். வருஷக்கணக்கில் தரையோடு தரையாகக் கிடந்து, ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்கு எழுந்து நின்று பூத்துவிட்டு, அத்தோடு செத்துப்போகுமாம். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகவே இருந்து, ஓய்வு பெற்ற அன்று மட்டும் மாலை போடப்பட்டவன் நான். அந்தச் செடியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம்தான் துலிப்பைப் பார்த்தேன். தோட்டத்துத் துலிப் இல்லை, காட்டுத் துலிப். சரிவு முழுக்கச் சிவப்பு. இலையில் ஊதாக் கோடு, யாரோ மை தொட்டு இழுத்த மாதிரி. உருகுகிற பனியின் ஓரத்தில், சேற்றைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக இன்னொரு பூ. இலைகூடச் சரியாக விரிந்திருக்காது, பூ முந்திக்கொண்டு வந்துவிடும். அது நம் காந்தளின் உறவு. அழகும் அந்தக் குடும்பத்து அழகு, விஷமும் அந்தக் குடும்பத்து விஷம்.

துலிப் விதையை ஒரு கிழவியிடம் வாங்கினேன். வெள்ளைப் பூவின் கிழங்கை மகளுடைய தலை ஊசியால் நானே தோண்டி, சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தோண்டக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். ரஷ்ய மொழியில் இருந்தது. அனுமதி கேட்க அங்கே ஆள் யாரும் இல்லை. அதனால் எடுத்துக்கொண்டேன். அது வேறு விஷயம்.

விதை போட்டுத் துலிப் பூக்க ஆறேழு வருஷம் ஆகும். பனியில் பிறந்த செடிக்குக் குளிர்காலம் காட்ட வேண்டும், கோடையில் காயப்போட வேண்டும். அந்த மலையில் கோடை என்றால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. நம் ஊரில் அதே மாதங்களில் சுவரே வியர்க்கும். ஜன்னலை அடைத்தேன். இரவு பகலாக ஏசி ஓடியது. குளிர்காலத்துக்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை எடுத்துக்கொண்டேன். மங்களேஸ்வரி கோபப்பட்டாள்.

"ஊருக்கெல்லாம் கரண்டைப் புடுங்குன மனுஷன், கெழங்குக்குக் குளிருதான்னு பாத்துக்கிட்டு நிக்கிய. நான் இங்கன அடுப்புல வேகுதேன், என்னை ஒரு நாள் பாத்தியளா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அப்போது நேரமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சீசனில் என் துலிப் தொட்டிகள் எல்லாம் இலை காய்ந்து, மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மாசியில் முதல் பூ. மகளுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் சித்தப்பா தவறிப்போக, நான் புளியறைக்குப் போனேன். காரியம் முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் அறையில் ஏசி ஓடவில்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, கொடி கட்டி ஈரத் துண்டுகள் தொங்குகின்றன. என் சகலை வாளியும் குவளையுமாக நிற்கிறார்.

"அண்ணாச்சி, இப்படிச் சாரக்காத்து அடிக்கி, ஏசியப் போட்டு வச்சிருக்கியளே. செடியெல்லாம் கருகிக் கெடந்துச்சு. பாவம்னு காலையிலயும் சாயங்காலமும் நாந்தான் தண்ணி ஊத்துதேன். உசிரு குடுத்திருக்கேன், பாத்துக்கிடுங்க."

மண்ணைக் கிளறினேன். கிழங்குகள் அழுகிக் கூழாகியிருந்தன. அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் அவர் கண்ணில் படாத ஒரே ஒரு தொட்டி மட்டும் தப்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஐயா? "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவருக்குக் காப்பி போடச் சொன்னேன். நான் அப்படிப்பட்டவன். பகை வைத்துக்கொள்கிறவன் இல்லை.

ஈரக்காற்றில் நொந்து மிஞ்சிய அந்தக் கிழங்கைத் தேற்றி எடுக்க மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. வருகிற மாசியில் அது கட்டாயம் பூக்கும். இந்தச் சீசனை மட்டும் அது சொட்டு ஈரம் படாமல் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

இந்த ஆனியில் அவர் பையோடு இறங்கியபோது அறையைப் பூட்டி வைத்திருந்தேன். "இந்தத் தடவை ஹாலில் படுங்க" என்றேன். அவர் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். "ஏட்டி லோகு, கேட்டியா? செடிக்கு ஏசி ரூமாம், சகலைக்குக் கோரம்பாயாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கச்சியின் முதுகு வலிக்குமே என்று மங்களேஸ்வரி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றிரவே ஜன்னல் திறந்தது. தொட்டியை நான் என் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அது வாசல் சுவர்மேல் சாரலில் இருந்தது. "இருட்டுக்குள்ள கெடந்து என்ன பாடுபடும் அண்ணாச்சி" என்றார். நல்லவேளை, மேல்மண்தான் நனைந்திருந்தது.

அவர் வந்த நாள் செவ்வாய்க்கிழமை. தொட்டியைச் சுவரிலிருந்து எடுத்தது புதன்கிழமை. அன்று காப்பி குடித்துவிட்டு நான் காலண்டரைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பெண்கள் வெங்காயம் சேர்க்க மாட்டார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து பருப்புக் குழம்பும் ஒரு பொரியலும் சாப்பிடுவார்கள். ஆண்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பசியோடு சீசன் வெள்ளிக்கிழமைகளில் என் சகலை தாமே அடுப்படியில் இறங்கி உள்ளித் தீயல் வைப்பார். சின்ன வெங்காயத்தைத்தான் எங்கள் பக்கம் உள்ளி என்போம். தேங்காயைக் கருக வறுத்து அரைத்து, புளி விட்டு, முழு உள்ளியாகப் போட்டுக் கொதிக்க வைப்பார். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். ருசியாகத்தான் செய்வார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை வீட்டில் இருந்த உள்ளியில் பெரும்பகுதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் விருந்தாளிக் கூட்டம், பாவம். அக்கம்பக்கம் என்றால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாமா. வெள்ளைப் பூவின் கிழங்குகள் இத்தனை வருஷத்தில் பெருகியிருந்தன. சீசன் ஈரத்துக்குப் பயந்து எப்போதும் போல அவற்றை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். அங்கிருந்து எடுத்து, மேலே உள்ளிக்கூடையில் மிச்சமிருந்த உள்ளிகளோடு வைத்தேன். இடம் மாற்றினேன், அவ்வளவுதான். என் கிழங்கு, என் கூடை, என் ஃபிரிட்ஜ். என் வீட்டில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு உரிமை இல்லையா?

வெள்ளிக்கிழமை எனக்கு வயிறு சரியில்லை. மோர் சாதம் மட்டும் சாப்பிட்டேன். அவர் தீயலை ஊற்றி ஊற்றி மூன்று தடவை சாப்பிட்டார்.

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தார். பிறகு வயிறு. தென்காசிக்குக் கொண்டுபோனோம். நான்தான் கார் பிடித்தேன், நான்தான் கூட இருந்தேன், நான்தான் இளநீர் வாங்கிக்கொடுத்தேன். டாக்டர்கள் அருவித் தண்ணீர் என்றார்கள், எண்ணெய்ப் பலகாரம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார். "அண்ணாச்சி, அந்த ஒத்தத் தொட்டிக்கு ரெண்டு நாளாத் தண்ணி ஊத்தலியே. காஞ்சிரப் போவுது, பாத்துக்கிடுங்க." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் விடியும்போது போய்விட்டார். பாருங்கள், கடைசி மூச்சிலும் மனிதருக்குத் தண்ணீர் ஊற்றுகிற எண்ணம்தான். நான் செய்தது சரியா என்று எனக்கு ஏதாவது சந்தேகம் இருந்திருந்தால், அத்தோடு அதுவும் தீர்ந்தது.

நான் ஏன் வலிய ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதாதீர்கள். பரிசோதனை அறிக்கை வந்தது. பேப்பரில் செய்தி போட்டார்கள், 'கண்வலிக் கிழங்கைத் தின்று முன்னாள் இன்ஸ்பெக்டர் சாவு' என்று. கண்வலிக் கிழங்கு என்பது நம் வேலிக் காந்தளின் கிழங்கு. இரண்டிலும் விஷம் ஒன்றுதான், அதனால் வந்த குழப்பம். ஆனால் அச்சன்புதூரில் எந்த வேலியிலும் பிடுங்கலாம் அதை. அதற்காகவா நான் மலையேறினேன், சாக்ஸில் வைத்துச் சுமந்தேன், இத்தனை வருஷம் குளிர் காட்டி வளர்த்தேன்? இந்த மாவட்டத்தில் அந்தப் பனிப்பூ வேறு யாரிடமும் கிடையாது. அதைத் திருத்திப் போடச் சொல்லுங்கள். பெயரை நான் எழுத்துக்கூட்டித் தருகிறேன்.

மற்றபடி என் பங்கு குறைவு. இடம் மாற்றினேன், பேசாமல் இருந்தேன். அவரைக் கொன்றது அவருடைய பழக்கம். ஊரார் பொருளைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

என்ன?

லோகநாயகி அப்படியா சொன்னாள்? அன்று அவளும் அக்காவோடு கோயிலுக்குப் போனதாக அல்லவா நினைத்தேன். பின்கட்டில் சேலை காயப்போட்டுக்கொண்டா இருந்தாள்?

சரி. அப்படியானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவர் கேட்டார். கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கே வந்தார். "அண்ணாச்சி, இது என்ன உள்ளி, கருத்துக் கெடக்கு? நீங்க ஆசையா வச்சிருக்கிய போல. ஒங்க செடியில ஏற்கெனவே கை வச்சு ஒருக்காத் தப்புப் பண்ணிட்டேன். நேத்துத்தான் மதினி சொன்னாவ, அப்ப நீங்க மாசக்கணக்காச் சரியாச் சாப்பிடலையாமே. அதான் கேட்டுக்கிடுதேன். போடலாமா?" என்றார்.

மதினி என்று அவர் மங்களேஸ்வரியைச் சொன்னார். நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினேன். "மலை உள்ளி. தீயலுக்கு நல்லா இருக்கும், போடுங்க" என்றேன்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். அவரிடம் எப்படி ஐயா இல்லை என்பது?