மூக்கு மூடியாச்சு

பழைய சைக்கிள் டியூப் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள் சார். விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் உளிக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. உள்ளே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் துருவும் பிடிக்காது. நகரியில் எங்கள் மரப்பட்டறையில் இருக்கும் உறைகளெல்லாம் நான் வெட்டியவை. என் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக நான் எதையும் செய்து கொடுத்ததில்லை.

உளியின் நுனியை நாங்கள் மூக்கு என்போம். மூக்கு மூடாமல் பையில் போட்டால் போகிற வழியில் ஒன்றோடொன்று மோதிக் கூர் உடைந்துவிடும். தன் உளிக்குத் தானே மூடினால் அலட்சியம் வந்துவிடும் என்பது முதலாளி பாலசுந்தரத்தின் எண்ணம். அதனால் முறை வைத்திருந்தோம். யார் முறையோ அவர் எல்லோருடைய பையையும் கட்டிவிட்டு, “மூக்கு மூடியாச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் சொன்னவருக்கு அவமானம். இன்னொரு பழக்கமும் உண்டு. உளியைக் கைமாற்றும்போது பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்க வேண்டும், மூக்கு கொடுக்கிறவர் பக்கம்.

ஏகாம்பரம் சத்தியவேட்டிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்தவர். என் வயதுதான். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் செதுக்கிய தாமரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மரம் என்று நம்புவார்கள். அவர் வருவதற்கு முன் அந்தப் பேச்சு என்னைப் பற்றி இருந்தது. பிறகு கதவு கேட்டு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, “ஏகாம்பரம் இருக்காரா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பவன் நான். என்னிடம்தான் கேட்பார்கள். “உள்ள கீறாரு” என்று நானும் பதில் சொல்லுவேன்.

திருப்பதியில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். தலைவாசல் கதவுக்காக எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அவர் கண்ணெதிரே ஆளுக்கொரு தாமரை செதுக்க வேண்டும். எவருடையது பிடிக்கிறதோ அவருக்குக் கதவு. கதவின் ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் இருக்கும் என்றார். எனக்கு அந்தக் கதவு வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

முந்தின சாயங்காலம் மூக்கு மூடும் முறை என்னுடையது. என் உளிகளுக்கு உறை போட்டேன். அவருடையவற்றை உறை இல்லாமல் அடுக்கினேன். உறைகள் என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தன. “மூக்கு மூடியாச்சு” என்றேன். அவர் கை கழுவிக்கொண்டே, “சரி சேகரு” என்றார். கூர் போனால் இதழ் பிசிறடிக்கும், மண்டபக்காரர் முகம் சுளிப்பார், அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை. அவருடைய உளியை நான் கெடுக்கவில்லை சார். ரப்பரைத்தான் எடுத்தேன்.

காலையில் என் வண்டியில் கிளம்பினோம். என் பை முன்னால் டேங்கின் மேல் இருந்தது. அவருடையது நீளமான கித்தான் பை. குறுக்கே வைத்தால் லாரி தட்டிவிடும் என்பதால், எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் மடியில் நீளவாக்கில் இருந்தது. புத்தூர் தாண்டியதும் வேகத்தடைகளில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. இரும்போடு இரும்பு மோதுவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

“இன்னா சேகரு, உள்ள சத்தம் வந்துக்கினே கீது? மூக்கு மூடினியா?”

“மூடியாச்சு. சுத்தியலா இருக்கும்.”

“அப்ப சரி.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வடமாலப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. நாய் ஓடியது உண்மை, அங்கே டீக்கடைக்காரரைக் கேளுங்கள். பிரேக் பிடித்தேன். பின்னால் இருந்தவர் என் மேல் சரிந்தார். உளிகளின் பிடிகள் என் முதுகில் இடித்தன. எனக்குக் கன்றிப்போனதோடு சரி. “சேகரு, வண்டிய ஓரங்கட்டு” என்று மெதுவாகச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது கித்தான் நனைந்திருந்தது. உளி வயிற்றில் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. திருப்பதி வரைக்கும் அவர் தாங்கவில்லை.

காலையில் எண்ணெய் தடவ அவரே உறைகளைக் கழற்றினார், திரும்ப மாட்ட மறந்துவிட்டார் என்று அன்றைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரான உங்களிடம் சொன்னேன். அது பொய். நீங்கள் நம்பினீர்கள், முதலாளி நம்பினார், ஏகாம்பரத்தின் மனைவி தாட்சாயணியும் நம்பிவிட்டாள்.

காரியத்துக்குப் போயிருந்தேன். எனக்கு இலை போட்டார்கள். அவர் மகள் கீர்த்தி அம்மாவிடம் கேட்டாள்.

“நைனா ஏம்மா மூடாம எடுத்துக்கினு போச்சு?”

“உங்க நைனாவுக்கு நம்ம மேல அக்கறை இருந்தா மூடிக்கினு போயிருப்பாரு” என்றாள் தாட்சாயணி. பிறகு என் பக்கம் திரும்பி, “நீ துன்னுண்ணா. நீ இன்னா பண்ணுவ, பாவம்” என்றாள்.

நான் சாப்பிட்டேன். ரசம் கேட்டு இரண்டாம் தடவையும் வாங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பட்டறையில் இப்போது மூடியாச்சு என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் பையை அவரவர் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள். என் முன்னால்தான் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அதனால்தான் வந்தேன். ஏகாம்பரம் பொறுப்பில்லாத ஆள் இல்லை, என் வார்த்தையை நம்பிய ஆள் என்று அந்தப் பெண் கீர்த்திக்குத் தெரிய வேண்டும். இதோ, அவருடைய உறைகள். வெட்கமாக இருக்கிறது சார், உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கூர் மழுங்க வேண்டும் என்பதைத் தவிர என் மனசில் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பையை அவர் மடியில் வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். அவர் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி, நானே வைத்தேன். ஆமாம், பிடியெல்லாம் என் பக்கம், மூக்கெல்லாம் அவர் பக்கம். பழக்கத்துக்கு மாறாகத்தான். வேறு என்ன செய்ய முடியும் சார்? மூடாத மூக்கை என் முதுகுக்கு நேராக வைத்துக்கொண்டு நான் எப்படி வண்டி ஓட்டுவது?