கையில் கத்திரியோடு ஒரு கல்யாணப் போட்டோ

"ஏனுங்க, மாப்ள ஊட்டுக்கு அனுப்பற போட்டோவுல எம்புள்ள கையில கத்திரி எதுக்குங்க?"

எண்பதுகளின் கடைசியில், திருப்பூரிலிருந்து மங்கலம் போகும் பஸ்ஸில், என் பின் சீட்டு அம்மா கேட்டார். பதில் சொன்னவர் போட்டோ ஸ்டுடியோக்காரர்.

"திரைக்கு முன்னால நிக்க வச்சனுங்க. பொம்மையாட்டம் வெறச்சுப்போய் நின்னுதுங்க. கம்பெனில பனியன் பிசிறு வெட்டற கத்திரி பையில இருந்துது, அதைக் கையில எடுக்கச் சொன்னனுங்க. அப்பறந்தான் மொகத்துல களையே வந்துது."

"பல்லெல்லாம் தெரியச் சிரிக்குதுங்களே! வேண்டான்னுட்டாங்கன்னா?"

"கல்யாணத்துக்கப்பறமும் அப்படித்தானுங்க சிரிக்கும். வேண்டாங்கறவிய இப்பவே சொல்லட்டுங்க."

"மாப்ளயப் பாருங்க, கோட்டுப் போட்டுட்டு எத்தன அடக்கமா இருக்கறாரு!" அந்த அம்மா பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்துக் காட்டினார் போலிருக்கிறது.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "இது எங்க ஸ்டுடியோ கோட்டுங்க. தொளதொளன்னு இருந்துதுன்னு முதுகுல நாலு கிளிப்புப் போட்டனுங்க. கழட்டுங்கன்னு சொன்னா, கேக்கவேயில்லீங்க."

அந்த நாலு கிளிப்பும் குத்தியது என் முதுகில்தான். செய்தித்தாளை விரித்து, அதில் என் ஜாதகமே அச்சாகியிருப்பதைப்போல முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மா சொன்னார்: "செரி, கத்திரிப் போட்டோவே போகட்டுங்க. ரெண்டுல ஒண்ணாச்சும் நெசமா இருக்கட்டும்."

இரண்டும் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அன்று முன் சீட்டில் இருந்தது யாரென்று மாமியாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அந்தக் கத்திரி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.