வெல்பேர் ஆபீசர் உட்கார்ந்த சோபா

கொம்தார் பஸ் நிலையத்தில் கெலுகோர் பஸ் கிளம்பியதும் முன் சீட்டுப் பெண் சொன்னாள்: "எல்லாம் உங்க சோபாவால வந்ததுக்கா."

அவள் பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்தவர் வயதில் மூத்தவர். ஒரே ஃபிளாட் கட்டடத்தில் அடுத்தடுத்த வீடு போலிருக்கிறது.

"நீதானே வந்து கேட்ட."

"பின்ன? உதவித்தொக கேட்டிருக்கோம், வெல்பேர் ஆபீசர் வீட்டப் பாக்க வராரு. தரையிலயா ஒக்கார வைக்கிறது?"

"சோபா சரிலா. என் கர்ட்டன், ஃபேன், மேச எல்லாத்தையும்ல தூக்கிட்டுப் போன."

"நல்லா சாஞ்சு ஒக்காந்து மீ கோரேங் சாப்பிட்டாரு. அப்பறம் வசதியான குடும்பம்னு எழுதிட்டாரு."

"ஸ்ட்ரோக் வந்து படுத்திருக்கிற உன் வீட்டுக்காரர அவரு பாக்கலயா?"

"பாத்தாரு. புது பெட்ஷீட் போட்டிருந்தேன்."

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் கேட்டிருந்தேன்ல, அன்னைக்கே என் வீட்டுக்கும் வந்தாரு. சாமானெல்லாம் உன் வீட்டுல. வெறும் வீட்டப் பாத்துட்டுப் போனாரு. எனக்குக் கெடச்சிருச்சு."

பஸ் ஜெலுத்தோங்கைத் தாண்டியது.

"அப்பீல் போட்டிருக்கேன். திங்கக்கெழம திரும்ப வராராம். எல்லாத்தையும் எடுத்துக்குங்கக்கா."

"நாளைக்கே எடுத்துக்கிறேன்."

இறங்குமிடம் வந்தது. பெல்லை அழுத்திவிட்டு எழுந்தவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப அவரு எதுல ஒக்காருவாரு?"

மூத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு யோசித்தார்.

"நாக்காலி ஒன்னு தரேன்லா. வீட்டுக்கு வர்ற மனுசன்."