அம்மான்ர பேர் பரமேஸ்வரி

ஓடுகிறோம். மாத்தளனுக்குப் போகும் மணல் பாதை. காலை நேரம். தெற்கே ‘டும்’ என்று ஒரு சத்தம். அது புறப்படும் சத்தம். விழும் சத்தம் இனித்தான் வரும். இடையில் ஒரு மூச்சு விடலாம்.

“படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

என் கணவர் சிவராசா கத்துகிறார். சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு விழுகிறார். நானும் விழுகிறேன். இடுப்பில் கைக்குழந்தை நிரோஜன். நான் விழுந்தால் மற்ற இரண்டு பிள்ளைகளும் என்னோடு விழுவார்கள். அவர்களைக் கயிற்றால் என்னோடு கட்டியிருக்கிறேன். கஜனுக்கு ஒன்பது வயது. துளசிக்கு ஐந்து.

கிழிக்கிற சத்தம். பிறகு நிலம் அடியிலிருந்து உதைத்தது. பல்லுக்குள் மணல். காதுக்குள் ஒரே இரைச்சல். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து கஜன் இழுத்தான். துளசியும் இழுத்தாள். இருவரும் இருக்கிறார்கள்.

எழும்பினோம். எங்களுக்கு முன்னால் போன உழவு இயந்திரம் பெட்டியோடு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். புகைக்குள் ஒரு சின்னப் பெண்பிள்ளை தனியே நின்றாள். “அம்மா” என்று கத்தினாள். அந்தப் பாதையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தோம். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் அந்தப் பிள்ளைக்கு ‘ஓம்’ என்று சொல்லவில்லை. கடைசியில் வயதான ஒரு மனிதர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களோடு ஓடினார். அவளுடைய தாய் யாரென்று அவருக்குத் தெரியாது.

அம்மா என்று கூப்பிட்டால் போதாது. எனக்கு அது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது.

நாங்கள் அக்கராயன் ஊர்க்காரர். குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்கள். சண்டை நெருங்கி வர, 2008 ஆவணியில் வெளிக்கிட்டோம். ஒவ்வோர் ஊராக இருந்து இருந்து, தை மாதம் விசுவமடுவுக்கு வந்தோம். அந்தச் சந்தியில் உழவு இயந்திரங்கள் ஒன்றோடொன்று இறுகி நின்றன. மாடு, ஆடு, சைக்கிள், கட்டில், அலுமாரி, அதற்கு இடையில் சனம். நான் துளசியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். சந்தியில் ஷெல் விழுந்தது. சனம் ஒரே பக்கமாகத் தள்ளியது. என் கையில் அவள் கை இல்லை.

மத்தியானம் திரும்பும் வரை தேடினோம். இவர் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். “துளசி” என்று கத்திக் கத்திக் குரல் அடைத்துவிட்டது. ஒரு பாலை மரத்தின் கீழ் உரப்பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி ரொட்டி. ரொட்டி கொடுத்த பெண் என்னைக் கண்டதும் ஏசத் தொடங்கினாள்.

“உன்ர அம்மான்ர பேர் என்ன எண்டு கேட்டன். அம்மா எண்டுது. உன்ர ஊர் எது எண்டு கேட்டன். வீடு எண்டுது. நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது, சொல்லுங்கோ?”

ஏசட்டும் என்று நின்றேன். அவள் கையைப் பிடித்து அழுதேன். அவள் ஏசிக்கொண்டே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெயர் கேட்க மறந்துபோனேன்.

அன்று பின்னேரமே இவர் கன்றுக்குட்டியின் நைலோன் கயிற்றை எடுத்தார். கன்று வழியில் செத்துப்போயிருந்தது. கையில் கட்டிப் பார்த்தோம். இழுத்தால் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. இடுப்பில் கட்டினோம். பழைய சீலைத் துண்டைச் சுற்றி, அதற்கு மேலே. நான் படுத்தால் அவர்களும் படுக்கக்கூடிய நீளம். பதுங்குகுழிக்குள் மூவரும் ஒன்றாக இறங்கக்கூடிய நீளம். முடிச்சு என் பக்கம். பிள்ளைகளால் அவிழ்க்க முடியாது.

“ஆட்டுக்குட்டியே கட்டி இழுத்துக்கொண்டு போறாய்?” என்று ஒருவர் சிரித்தார். தேவிபுரம் வந்து சேர்ந்தபோது அவரும் தன் பேரனைச் சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தார். சீலைத் தலைப்பால் கட்டியவர்கள், சாரத்தால் கட்டியவர்கள் என்று பாதையெங்கும் கட்டுப்பட்ட பிள்ளைகள். ஒருவரும் பிறகு சிரிக்கவில்லை.

பெயரைக் கையில் பேனையால் எழுதினேன். வியர்வையில் கரைந்தது. வாயில் எழுதவேண்டும் என்று முடிவெடுத்தேன். பதுங்குகுழிக்குள் படிப்பித்தேன். மேலே பல்குழல் பீரங்கி அடிக்கும். அது ஓய்வதற்குள் நாலைந்து தடவை கேட்பேன்.

“பேர்?”

“துளசி.”

“அப்பான்ர பேர்?”

“சிவராசா.”

“அம்மான்ர பேர்?”

“பரமேச்சுரி.”

“பரமேஸ்வரி.”

“பரமேச்சுரி.”

“ஊர்?”

“அக்கராயன்.”

கஜன் சிரிப்பான். இவரும் சிரிப்பார். அந்தக் குழிக்குள் நாங்கள் சிரித்தது அதற்குத்தான். மாத்தளனுக்கு வந்தபோது, நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ‘பரமேஸ்வரி’ என்று திருத்தமாகச் சொல்லுவாள்.

பங்குனியில் இவர் போனார். மாத்தளன் மணலில் குழி வெட்டினால் இடிந்து இடிந்து விழும். ஓரத்துக்குப் போட ஒரு பனங்குற்றி தேடிப் போனார். “உதில போயிட்டு வாறன்” என்றார். புறப்படும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அவர் வெட்டிய குழியிலேயே அவரைப் போட்டு மூடினோம். கயிற்றை அவிழ்க்காமலே கஜன் மண் அள்ளிப் போட்டான். அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. வேறு குழி வெட்டவேண்டும்.

சித்திரை. விடியற்காலை. சனம் கடனீரேரிப் பக்கம் உடைத்துக்கொண்டு போகிறது. எங்களைப் போகவிடாமல் வைத்திருந்தவர்கள் பின்னால். எங்கள்மேல் அடித்தவர்கள் முன்னால். இரண்டு பக்கமும் வெடிச்சத்தம். இரண்டு பக்கமும் எங்களைக் காப்பாற்றத்தான் நிற்பதாகச் சொன்னவர்கள். தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. நிரோஜனைத் தலைக்கு மேலே பிடித்தேன். துளசி என் முதுகில். கஜன் நீந்தினான். கயிறு இருந்தபடியால்தான் அவன் இழுபட்டுப் போகவில்லை. கரையேறினோம். நால்வரும் கரையேறினோம். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கரையேறியபோது என் மூன்று பிள்ளைகளும் என்னோடு இருந்தார்கள்.

கரையில் ஆமி. இடுப்பில் எதைக் கண்டாலும் அவர்களுக்குக் குண்டு. கயிற்றைக் கண்டதும் துவக்கைத் தூக்கினார்கள்.

“கயிறு கழட்டு! கழட்டு! தனி தனி!”

“ஐயா, பிள்ளையள் துலைஞ்சு போகும்! சின்னப் பிள்ளையள் ஐயா!”

“தனி தனி!”

கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஒருவன் கத்தியோடு வந்தான். ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. வெட்டிய கயிற்றைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினான்.

பின்னால் நின்ற சனம் வெடிச்சத்தத்துக்குப் பயந்து தள்ளியது. முன்னால் பஸ்கள். ஏற்று, ஏற்று என்று கத்துகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கி யன்னல் வழியாக உள்ளே போடுகிறார்கள். கஜன் என் சட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தான். துளசியை ஒரு கை தூக்கியது. நான் அவள் காலைப் பிடித்தேன். என் கையில் துவக்குப் பிடியால் அடி விழுந்தது. அவள் ஒரு யன்னலுக்குள் போனாள். என்னை வேறு பஸ்ஸுக்குள் தள்ளினார்கள். அவள் ஏறிய பஸ் முதலில் வெளிக்கிட்டது. யன்னலில் அவள் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வவுனியா முகாம். வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள். வலயம் வலயமாகப் பிரித்து நடுவில் முட்கம்பி. ஒரு வலயத்திலிருந்து மற்ற வலயத்துக்குப் போக முடியாது. என் பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கத்திலும் இருக்கலாம். நான் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. பதிவுக்காக மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் உத்தியோகத்தர் என்னிடம் நல்ல தமிழில் கேட்டார்.

“நீங்கள் பிள்ளையின்ர கையை ஏன் விட்டனீங்கள்?”

நான் கையால் பிடித்திருக்கவில்லை. கயிற்றால் கட்டியிருந்தேன். அதை வெட்டினார்கள். இதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி, அடுத்த ஆள்” என்றார்.

கம்பியோடு நின்றேன். காலையில் தண்ணீர் வரிசை. அது முடிந்ததும் கம்பி. என்னைப்போல எத்தனையோ தாய்மார். அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்த்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவோம். அந்தப் பக்கத்திலிருந்தும் கத்துவார்கள். ஒருவர் கத்துவது மற்றவர் கத்துவதில் அமிழ்ந்துபோகும்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அக்கராயன் பரமேஸ்வரி ஆர்? அக்கராயன் பரமேஸ்வரி இஞ்ச நிக்கிறாவோ?”

ஓடினேன். கம்பி கையைக் கிழித்தது. அந்தப் பக்கம் நின்றவள் என்னிலும் இளையவள். பெயர் கலா.

“நான்தான். நான்தான் பரமேஸ்வரி.”

“அக்கா, உங்கட பிள்ளை எங்கட பஸ்ஸிலதான் வந்தவள். எங்கட கூடாரத்திலதான் வைச்சிருந்தனாங்கள். துளசி.”

“எங்க? எங்க அவள்? கூட்டிக்கொண்டு வாங்கோ!”

கலா அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்ததாம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்ததாம். கூடப் போகக் கலா கேட்டிருக்கிறாள். ‘நீ தாயா?’ என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் இறக்கிவிட்டார்களாம்.

“அவள் எல்லாரிட்டயும் சொன்னவள் அக்கா. பஸ்ஸில சொன்னவள். பதியிற இடத்தில சொன்னவள். வண்டியில ஏத்தேக்கையும் சொன்னவள். அம்மான்ர பேர் பரமேஸ்வரி, அப்பான்ர பேர் சிவராசா, ஊர் அக்கராயன் எண்டு. வண்டியில பேனையோட நிண்டவன் எழுதேல்ல அக்கா. கையை வீசிப் போ போ எண்டவன்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன்.

முகாமை விட்டு வெளியே விட்ட பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். அந்தப் பெயரில் பிள்ளை வரவில்லை என்றார்கள். பெயர் இல்லாமல் வந்த பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். காணாமல்போனவர்களை விசாரிக்கும் ஆணைக்குழு என்று வந்தவர்களிடம் சொன்னேன். அவர்கள் எனக்குக் வளர்த்துப் பிழைக்கக் கோழிக்குஞ்சு தருவதைப் பற்றிக் கதைத்தார்கள். இன்றும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாரின் தெருவோரப் பந்தலில் படத்தோடு இருக்கிறேன். படம்கூட அவளுடையது இல்லை. இருந்தது தண்ணீரில் போய்விட்டது. கஜன் நினைவிலிருந்து வரைந்த முகம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லவேண்டும்.

போன ஆனியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனேன். நல்ல சனம். ஒலிபெருக்கியில் அறிவித்தல். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை தனியே நிற்கிறாளாம். நாலு வயது இருக்குமாம். பிள்ளை சொன்ன தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம்பெண் செருப்பும் இல்லாமல் ஓடிவந்தாள். பிள்ளையை அள்ளினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த மனிதருக்கு அது போதவில்லை.

“இஞ்ச பாருங்கோ, இப்பதான் தாய் வந்திருக்கிறா. பிள்ளையைப் பாக்கத் தெரியாட்டி வீட்டில இருக்க வேணும். கதை பறைஞ்சுகொண்டு திரிஞ்சா பிள்ளை துலையத்தான் செய்யும்.”

சனம் சிரித்தது. அந்தப் பெண், பிள்ளையின் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்தாள்.

எனக்குள் என்ன எழும்பியது என்று சொல்லத் தெரியவில்லை. நேரே போனேன். ஒலிவாங்கியைப் பறித்தேன்.

“தம்பி, பிள்ளை தன்ர பேரைச் சொன்னதோ?”

“ஓம். சொன்னது.”

“தாயின்ர பேரைச் சொன்னதோ?”

“சொன்னது அம்மா. அதுதானே நாங்கள் அறிவிச்சனாங்கள்.”

“அந்தப் பேரைப் படிப்பிச்சது ஆர்? இந்தா நிக்கிற பொம்பிளைதான். இவள்தான் தாய். நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கிறாள். நீ அவளைப் பாத்துச் சனத்தைச் சிரிக்க வைக்கிறாய். பிள்ளையளைத் துலைச்சவங்களை நான் காட்டட்டோ? அவங்களுக்கு முன்னால ஒரு நாள் உந்த ஒலிவாங்கியைப் பிடிச்சுக் கதைச்சிருக்கிறியோ நீ?”

அது ஒலிபெருக்கியில் கோயில் வீதி முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது. நிருவாகத்தில் ஒருவர் வந்து, “அம்மா, கோயில் அம்மா இது, கத்தாதேங்கோ” என்றார். நான் கத்தினேன். துளசியின் கதை முழுவதையும் சொன்னேன். சிலர் எழும்பிப் போனார்கள். சிலர் நின்று கேட்டார்கள். பச்சைச் சட்டைப் பிள்ளையின் தாய் கடைசிவரை நின்றாள்.

எல்லோரும் ‘தொலைத்தாள்’ என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். தொலைந்த பிள்ளைக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியாது. என் பிள்ளை சொன்னாள். கேட்ட எல்லோரிடமும் சொன்னாள். ஐந்து வயதில், காய்ச்சலோடு, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். எழுதவேண்டியவன் எழுதவில்லை. அவன் கையில் பேனை இருந்தது.

என்னிடமிருந்து போனவை இவை. அக்கராயனில் ஓட்டு வீடு, கூரையில்லாமல் திரும்பக் கிடைத்தது. இரண்டு பசுக்கள். ஒரு கன்று. ஷெல் சத்தத்தில் கஜனின் இடது காது கேட்கும் திறன். நிரோஜனுக்குத் தகப்பனின் முகம்.

ஆட்கள் இரண்டு பேர். சிவராசாவை நானே புதைத்தேன். துளசியை உயிரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.