நான்காவது வயர்

கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டின் விசிறி கத்த ஆரம்பித்தால் முதலில் தூசியைத் தட்டிப் பார்க்க வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்பவன். ஹாலில் என் மேஜை, பக்கத்து அறையில் அப்பா. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கை. வலது கை மட்டும் வேலை செய்யும். அந்தக் கையில் ஒரு கரண்டி வைத்திருப்பார். கட்டில் கம்பியில் தட்டினால் நான் போய் நிற்க வேண்டும். தலையணையை நகர்த்து, ஜன்னலைச் சாத்து, மணி என்ன. கடிகாரம் அவர் கண்ணெதிரேதான் தொங்கியது. கொஞ்சம் தாமதமானால், "வந்துட்டாரு துரை. அந்தப் பொட்டிக்குத்தான் நீ புள்ள" என்பார். சளி அடைத்துக்கொண்டால் மட்டும் உண்மையிலேயே அவசரம். நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வெளியூரில் இருக்கும் அக்கா போனில் பாசத்தைக் கொட்டுவாள். ஒரு வாரம் வந்து பார்த்துக்கொள் என்றால் உடனே பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிடும். எனக்கு இருவர் மேலும் கசப்புதான். அதை மறைக்கவில்லை.

ஒருநாள் விசிறி முழு வேகத்தில் சுற்றத் தொடங்கி, அடங்கவே மறுத்தது. காதைப் பிய்க்கும் சத்தம். தூசி துடைத்தேன், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினேன். கார்டு சூடாகவும் இல்லை. மென்பொருளில் வேகத்தைக் குறைத்தால் எவனோ எதையோ சொல்கிறான் என்பதுபோல் அது பாட்டுக்குக் கத்தியது. நாலாம் நாள்தான் பிடிபட்டது. விசிறிக்கு நான்கு வயர். எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று சொல்வது நான்காவது வயர். அது கழன்று கிடந்தது. கட்டளை வராவிட்டால் விசிறி முழு வேகத்தில்தான் ஓடும். ஊசியால் தள்ளிச் சொருகினேன். வீடு அமைதியானது.

உடனே கரண்டிச் சத்தம் கேட்டது. அந்த நாலு நாளும் அவர் தட்டாமல் இருந்திருக்க மாட்டார். நான்தான் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறேன்.

வயரைத் திரும்பப் பிடுங்கினேன். முனையில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கிவைத்தேன். வேலையில் நான் சுத்தம்.

அவரைக் கைவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மணிக்கொரு முறை நானே எட்டிப் பார்த்தேன்.

"கூப்புட்டா காதுல விழலயாடா?"

"ஃபேன் ரிப்பேருப்பா."

"சரி பண்ணித் தொலையேன்."

"பார்ட்ஸ் வரணும்பா."

இரண்டு மாதம் பார்ட்ஸ் வந்துகொண்டே இருந்தது.

அப்பா போன பிறகு அக்கா என்னைத்தான் தேற்றினாள். விசிறிச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை, நீ என்ன செய்வாய் என்றாள். அந்தச் சனியனை இனி நீ கேட்க வேண்டாம் என்று மெக்கானிக்கை அழைத்து வந்ததும் அவள்தான். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இது தானா கழண்டதில்லம்மா. யாரோ டேப் சுத்தி வச்சிருக்காங்க." அக்கா என்னைப் பார்த்தாள். மறுநாள் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். காலை பதினோரு மணி வாக்கில் கரண்ட் போனது. விசிறி நின்றது. கரண்டிச் சத்தம் கேட்டது, வேகமாக, தாறுமாறாக. நடுவே சளி இழுக்கும் சத்தம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட மூச்சு இல்லை என்று புரிந்தது. பத்தடி தூரம்தான். அணைந்த திரைக்கு முன்னால் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் வந்தபோதும் அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார், மெதுவாக. கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.